துவைக்கிற கல்லு ஓரத்துல முளைச்ச கீரை

நாலு விரக்கடை. விரலை வச்சு அளந்தே பாத்தேன். விதைச்சு 41 நாள் ஆன அரைக்கீரை அவ்ளோதான் வளந்திருந்துச்சு, அதுக்குள்ள நுனியில கதிர் எட்டிப் பாக்குது. இலை ஒவ்வொண்ணும் என் கட்டைவிரல் நகம் அளவு, ஓரமெல்லாம் பழுத்து, தண்டு செவந்து போய் நிக்குது. சேலத்துல எங்கம்மா மொட்டைமாடியில பழைய பெயிண்ட் டப்பாவுல விதைச்சா 25 நாள்ல ஒரு கட்டு கிள்ளிடுவாங்க, ஒரு வாரம் கழிச்சு அதே செடியில இன்னொரு கட்டு. அதே விதைதான் இதுவும். அம்மா முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டு வந்து குடுத்த விதை. இங்க ஏற்காட்டுல மண்ணு கருகருன்னு இருக்கு, தண்ணிக்குக் குறை இல்ல, மக்குன சாணம் கூடை கூடையா போட்டேன், அப்புறமும் ஏன் இப்படின்னு மூணு வருஷமா எனக்கு மனசு ஆறல. கீரைக்கா இவ்வளவு யோசனைன்னு வீட்டுல கேட்டாங்க. ஆமா, கீரைக்குத்தான்.

நான் வளந்தது சேலம் அம்மாப்பேட்டையில, தறிச் சத்தத்துக்கு நடுவுல. காலையில ஆறரைக்கெல்லாம் கீரைக்காரம்மா தலையில கூடையோட தெருவுல வருவாங்க. திங்கக்கிழமை சிறுகீரை, செவ்வாய் தண்டுக்கீரை, வெள்ளிக்கிழமை முருங்கை கிடையாது வேற என்ன இருக்கோ அது, அப்படின்னு அம்மாவுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. மழை பேஞ்ச பத்து நாள்ல தொய்யக்கீரை வரும், பண்ணைக்கீரை வரும், அதையெல்லாம் யாரும் விதைக்கிறதில்ல, காட்டுல தானா கெடக்கும். புளிச்சக்கீரை கடைஞ்சா அன்னைக்கு அப்பா தறியை விட்டு சீக்கிரம் எந்திரிச்சு வந்துடுவார். மண்சட்டி, மத்து, பூண்டு, வரமிளகா, இவ்ளோதான் சாமான். கல்யாணம் ஆகி எங்கெங்கயோ இருந்துட்டு, வீட்டுக்காரருக்கு எஸ்டேட்ல கணக்கு எழுதுற வேலை கிடைச்சு நாலு வருஷம் முன்னாடி இங்க ஏறி வந்தோம். வந்த முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு, இங்க கடையில இருக்கிற கீரை கீழ சேலத்துல இருந்து பஸ்ல ஏறி வர்றது. 20 கொண்டை ஊசி வளைவு சுத்தி மேல வர்றதுக்குள்ள அது தலை தொங்கிடுது. தண்ணி தெளிச்சு தெளிச்சு நிமித்தி வைக்கிறாங்க, சமைச்சா ஒரு வாசம் வராது.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில், "மலையில கீரை வராதுங்க." இந்த ஒரு வார்த்தைதான் என்னை விடாம அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. சௌசௌ கொடி போட்டா பந்தலே தாங்காத அளவுக்கு காய்க்குது, பீன்ஸ் வருது, காப்பிச் செடி நடுவுல மிளகு கொடி மரத்தை மூடிட்டு ஏறுது, ஆரஞ்சு வருது, கொய்யா வருது, ஒரு கீரை மட்டும் வராதா? கீரைன்னா என்ன பெரிய வித்தையா? சேலத்துல குப்பைமேட்டுல வர்ற சாமான் அது. குப்பைக்கீரைன்னே ஒரு கீரைக்குப் பேரு இருக்கு.

முதல் வருஷம் விதையை எறும்பு தூக்கிட்டுப் போயிடுச்சு. அது என் தப்பு, மணலோட கலந்து தூவி மேல சாம்பல் போடணும்னு சின்ன வயசுலயே பாத்திருக்கேன், அவசரத்துல விட்டுட்டேன். ரெண்டாவது வருஷம் முளைச்சுது, ரெண்டு இலை விட்டுச்சு, ஒரு வாரம் விடாம மூட்டம் இறங்கி ஈரம் காயாம கெடந்ததுல அடித்தண்டு கறுத்து பாத்தி பாத்தியா சாஞ்சுபோச்சு. நாத்தழுகல். மூணாவது வருஷம் ரொம்ப கவனமா இருந்தேன், மேடு கட்டுன பாத்தி, மேல கம்பி வளைச்சு பிளாஸ்டிக் தாள், காலையில மூட்டம் கலைஞ்ச உடனே தாளை எடுத்துவிடுறது, சாயங்காலம் மூடுறது, கைக்குழந்தையைப் பாத்துக்கிற மாதிரி. அதுதான் அந்த நாலு விரக்கடை கீரை. அழுகல, எறும்பு தூக்கல, பூச்சி இல்ல. வளரவே இல்ல, ஆனா பூத்துருச்சு. அழுகிப்போயிருந்தா கூட காரணம் தெரிஞ்சிருக்கும்.

பனி கொட்டுற ஊருல தண்டுக்கீரை

எங்கக்கா கனடாவுல டொரண்டோ பக்கம் இருக்கா. போன ஜூலையில வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்புனா, அவ வீட்டுப் பின்பக்கத்துல தண்டுக்கீரை, அவ இடுப்பு உயரத்துக்கு, தண்டு கைப்பிடி கனத்துக்கு. எனக்கு அதைப் பாத்ததும் தொண்டை அடைச்சுக்கிச்சு. வருஷத்துல நாலஞ்சு மாசம் பனி மூடிக் கெடக்கிற ஊரு அது. மண்ணே கல்லு மாதிரி உறைஞ்சு போற ஊரு. அங்க வருது, இங்க மார்கழியில கூட ராத்திரி 12, 13 டிகிரிக்குக் கீழ எங்க வீட்டு வெப்பமானி அதிகமா இறங்குனதில்ல, இங்க வரலையா? "குளிருக்கு கீரை வராது"ங்கிற பேச்சு அப்போ பொய்யாத்தானே இருக்கணும்?

ஃபோன்ல கேட்டேன். அக்கா சொன்னா, "நான் குளிர்ல எங்கடி போடுறேன், மே கடைசியில விக்டோரியா டே லீவு வரும், அது கழிச்சாத்தான் இங்க யாரும் நாத்து நடுவாங்க, அதுக்கு முன்னாடி நட்டா ஒரு ராத்திரி உறைபனியில கருகிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டு, அந்த மூணு மாசம் நம்மூரு வெயில்டி. ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம்." அந்தக் கடைசி வார்த்தையில ஏதோ இருக்குன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு, ஆனா என்னன்னு பிடிபடல. கீரை பூத்து நின்னப்போதான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே வம்சம். மக்காச்சோளம், கரும்பு மாதிரி சி4 வகைன்னு சொல்ற செடிங்க, கொதிக்கிற வெயில்லதான் இதுங்களுக்கு வேகம். சூடு குறைஞ்சா இலை போடுற வேலை அப்படியே மந்தமாயிடும். சேலம் கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் உயரத்துல இருக்கு, ஏற்காடு 1500 மீட்டர். 1000 மீட்டர் ஏறுனா சுமார் 6½ டிகிரி குறையும், அப்போ நமக்கும் அம்மாப்பேட்டைக்கும் எந்நேரமும் ஒரு 8 டிகிரி வித்தியாசம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த வம்சத்துக்குப் பகல் சுருங்குனா பூக்கணும்னு ஒரு புத்தி இருக்கு. நம்ம பக்கம் ஜூன்ல பகல் 12¾ மணி நேரம், டிசம்பர்ல 11½ மணி நேரம். சேலத்துக்கும் அதேதான், ஏற்காட்டுக்கும் அதேதான், மலை ஏறுனா பகல் நீளாது. ஐப்பசியில விதைச்சா அங்கயும் அது சீக்கிரம் பூக்கத்தான் பாக்கும், ஆனா அதுக்குள்ள சூட்டுல மளமளன்னு இலை விட்டு அம்மா ரெண்டு தடவை கிள்ளி முடிச்சிருப்பாங்க. இங்க இலை போடுற வேலை மெதுவாகிடுது, பூக்குற நாள் மட்டும் தள்ளிப்போகாம வந்து நிக்குது. ரெண்டு கடிகாரம், ஒண்ணு ஓடுது, ஒண்ணு நொண்டுது. அக்கா ஊருல ஜூன் மாசம் பகல் 15½ மணி நேரம். வெயிலும் உண்டு, பகலும் நீளம், அதுக்குப் பூக்கணும்னு நெனைப்பே வராம இலையும் தண்டுமா போட்டுத் தள்ளுது. ஆக குளிர் ஊரு, சூட்டு ஊருன்னு ரெண்டே ரெண்டா பிரிச்சு வச்சிருந்த என் கணக்கே தப்பு. அவ ஊரு மூணு மாசத்துக்கு சேலத்தை விட கீரைக்கு நல்ல ஊரு. எங்க ஊரு பனியும் இல்லாம வெயிலும் இல்லாம வருஷம் பூரா நடுவுல நிக்கிற ஊரு.

இதைப் புரிஞ்சுக்கிட்டதுல ஒரு நிம்மதி இருந்துச்சுன்னு சொன்னா பொய். காரணம் தெரிஞ்சா சட்டியில கீரை வந்துடுமா?

துவைக்கிற கல்லு

எங்க வீட்டுக்குப் பின்னாடி துணி துவைக்கிற கல்லு இருக்கு. அதுக்குப் பக்கத்துலதான் வெந்நீர் அடுப்பு. இங்க குளிக்க வெந்நீர் இல்லாம முடியாது, சில்வர் ஓக் கிளையும் காப்பிக் குச்சியும் போட்டு எரிக்கிறது, சாம்பலை அந்தக் கல்லு ஓரத்துலயே கொட்டுறது, எனக்கு முன்னாடி இருந்தவங்களும் அங்கதான் கொட்டியிருக்காங்க. ஆயுதபூஜைக்கு வீடு கழுவுறப்போ அஞ்சறைப்பெட்டியையும் கழுவினேன். மூட்டத்துல கடுகு நமத்து ஒரு மாதிரி வாசம் வந்துச்சு, அப்படியே வெளிய வீசிட்டேன். அதுக்கப்புறம் அதை மறந்தே போயிட்டேன்.

கார்த்திகையில ஒரு நாள், அரைக்கீரைப் பாத்தியை மொத்தமா கொத்திப் போடலாம்னு கோவத்தோட கொத்தை எடுத்துட்டுப் போனேன். துவைக்கிற கல்லுகிட்ட களை மாதிரி ஒரு கூட்டம், முழங்கால் உயரம், முதல்ல இதை வெட்டிட்டு அப்புறம் அங்க போலாம்னு குனிஞ்சேன். இலை ஒவ்வொண்ணும் கை அகலம், ஓரம் ரம்பம் மாதிரி, பச்சைன்னா அப்படி ஒரு பச்சை. ஒரு இலை கிழிஞ்சதுல மூக்குல சுருக்குன்னு ஏறுச்சு. எனக்குத் தெரிஞ்ச வாசம், ஆனா இலையில இருந்து வந்ததே இல்ல. கொத்தைக் கீழ போட்டுட்டு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பி "இது என்ன களைன்னு தெரியுதா"ன்னு கேட்டேன். அங்க அப்போ நடுராத்திரி இருக்கும், ஆனா ரெண்டு நிமிஷத்துல ஃபோனே பண்ணிட்டா.

"ஏண்டி, அது கடுகுடி. வெட்டிடாத. இங்க சீனாக்காரங்க கடையில கட்டு கட்டா வாங்குறேன் நான், கை சோய்னு விப்பாங்க. எங்க பக்கத்து வீட்டு சீனாக்காரப் பாட்டி பனி விழுற மாசம் வரைக்கும் அதைத்தான் பறிச்சுக்கிட்டே இருக்கும்."

நான் அந்தக் கல்லு மேலயே உக்காந்துட்டேன். மூணு வருஷம் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, தாளைத் தொறந்து, ஒவ்வொரு நாத்தா பாத்துப் பாத்து ஏமாந்திருக்கேன். அதே மூட்டம், அதே மழை, அதே குளிர், பத்து அடி தள்ளி, யாரும் விதைக்காம, யாரும் திரும்பிக்கூட பாக்காம ஒரு கீரை முழங்கால் உயரம் நிக்குது. அதை வெட்டத்தான் கொத்தோட நின்னிருக்கேன். தினமும் ரெண்டு வேளை என் கையால தொடுற சாமான். எண்ணெய் காஞ்சதும் முதல்ல போடுறது அதுதான். அதுக்கு ஒரு இலை உண்டு, அந்த இலையைத் தின்னலாம்ங்கிறது 43 வயசு வரைக்கும் எனக்குத் தோணவே இல்ல. பஞ்சாப்காரங்க குளிர்காலத்துல கடுகுக்கீரையை மக்காச்சோள ரொட்டியோட சாப்பிடுறதை டிவியில பாத்திருக்கேன், அது அவங்க ஊரு சமாச்சாரம்னு விட்டுட்டேன். நம்ம ஊருல கீரைக்காரம்மா கூடையில அது இருந்ததில்ல, அதனால அது கீரை இல்ல. அப்படித்தான் என் புத்தி வேலை செஞ்சிருக்கு. "மலையில கீரை வராது"ன்னு சொன்னவங்களும் நானும் ஒரே ஆளுங்கதான், கீரைன்னா சேலத்துக் கூடையில இருக்கிறது மட்டும்தான்னு ரெண்டு பேருமே நெனச்சிருக்கோம்.

அன்னைக்கு ராத்திரி பாசிப்பருப்பு போட்டு வேகவச்சு கடைஞ்சேன். பச்சையா வாயில போட்டா காட்டம் மண்டைக்கு ஏறும், வெந்தா அந்தக் காட்டம் அடங்கி லேசான கசப்பும் ஒரு இனிப்பும் நிக்குது. கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்துட்டு சமைச்சா கசப்பும் குறையும். குளிர்ல வளர்ற செடி இலையில மாவுச்சத்தை சர்க்கரையா மாத்தி வச்சுக்கும்னு பின்னாடி படிச்சேன், உறைஞ்சு போகாம இருக்க அதுக்கு அது ஒரு தற்காப்பு. அக்கா ஊருல முதல் உறைபனி விழுந்த அப்புறம்தான் இந்தக் கீரையெல்லாம் ருசின்னு அவ சொன்னது அதுக்குத்தான். கடுகு போட்டுத் தாளிச்சு கடுகிலைக் கடைசல் சாப்பிட்டோம். பையன் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

10-ம் 8-ம் 18

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு, நல்ல விதமா. பாக் சாய், நாப்பா கோஸ், மிஸுனா, தட்சோய்னு சீனாவுலயும் ஜப்பான்லயும் திங்கிற கீரைங்க பேரு ஒவ்வொண்ணா தேடிப் பாத்தா, பாக்க ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கிற இந்த நாலும் ஒரே இனம், நம்ம டர்னிப் கிழங்கும் அதே இனம். நம்ம கடுகு அதுக்குப் புள்ள முறை. 1935-ல, ஜப்பான்ல இருந்த கொரிய வம்சாவளி விஞ்ஞானி யு நாகஹாரு இதைக் கண்டுபிடிச்சு சொல்லியிருக்கார், பாக் சாய் இனத்துக்கு 10 ஜோடி குரோமோசோம், கருங்கடுகுன்னு இருக்கிற இன்னொரு இனத்துக்கு 8 ஜோடி, இந்த ரெண்டும் எப்பவோ காட்டுல கலந்து உண்டானதுதான் 18 ஜோடி இருக்கிற நம்ம கடுகுன்னு. இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. அஞ்சறைப்பெட்டியில கெடக்கிற ஒரு மணிக்குள்ள இவ்வளவு ஒறவுமுறை இருக்கு.

பாக் சாய், தட்சோய் விதையை ஆன்லைன்ல வாங்கி மார்கழி முதல் வாரம் விதைச்சேன். இந்தத் தடவை மண்ணையும் விடல. துவைக்கிற கல்லு ஓரத்து மண்ணையும் கீரைப் பாத்தி மண்ணையும் தனித்தனியா பரிசோதனைக்குக் குடுத்தேன். பாத்தி மண்ணு கார அமில நிலை 5.2, கல்லு ஓரத்து மண்ணு 6.6. 7-க்குக் கீழ போகப் போக மண்ணு புளிப்புன்னு அர்த்தம். எங்க சேர்வராயன் மலை மண்ணு மேல கறுப்பா தெரிஞ்சாலும் செம்மண்ணு, அடியில பாக்சைட் பாறை, மழை பேஞ்சு பேஞ்சு சுண்ணாம்புச் சத்தெல்லாம் அடிச்சுட்டுப் போன மண்ணு, புளிப்பாத்தான் இருக்கும். வருஷக்கணக்கா கொட்டுன அடுப்புச் சாம்பல் கல்லு ஓரத்தை மட்டும் சரிபண்ணி வச்சிருக்கு. நான் வெயிலைப் பத்தியும் பகலைப் பத்தியும் படிச்சதெல்லாம் சரிதான், ஆனா அரைக்கீரை தேஞ்சு போனதுல இந்தப் புளிச்ச மண்ணுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கு. கறுப்பா இருந்தா நல்ல மண்ணுன்னு நெனச்சுட்டேன். கடுகு, பாக் சாய் எல்லாம் சேர்ந்த கோஸ் குடும்பத்துக்கு இது இன்னும் முக்கியம், புளிப்பு மண்ணுல வேரு கட்டி கட்டியா வீங்கிப் போற நோய் சுலபமா வரும், வந்துட்டா அந்த இடத்துல வருஷக்கணக்கா கோஸ், கடுகு எதையும் வைக்க முடியாது. அதனால விதைக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே டோலமைட்னு சொல்ற சுண்ணாம்பு வகைத் தூள் போட்டுக் கொத்திவிட்டேன், சாம்பலும் கொஞ்சம். சாம்பலை அளவாத்தான் போடணும், அதிகமானா அந்தப் பக்கம் கெட்டுப் போகும்.

பாக் சாய் வந்த வேகத்தை எப்படிச் சொல்றது! 40 நாள்ல ஒவ்வொண்ணும் சொம்பு மாதிரி, அடி வெளுத்து, தண்டு சதைப்பிடிப்பா. அக்காவுக்குப் போட்டோ போட்டேன், இந்தத் தடவை அவ ஏங்குனா. ஏன்னா அவ ஊருல வசந்தத்துல பாக் சாய் போட்டா ஜூன் மாசத்து நீளப் பகலைப் பாத்ததும் சட்டுனு பூத்துரும், இலையே கிடைக்காது, அதுக்காக ஆகஸ்ட்டு வரைக்கும் காத்திருந்து விதைச்சு பனிக்கு முன்னாடி அறுக்குறா. அங்க தத்துற சின்னக் கருவண்டு ஒண்ணு இலையை ஊசியால குத்துன மாதிரி ஓட்டை போட்டுருமாம், அதுக்கு மெல்லிசு துணி போட்டு விதைச்ச நாள்ல இருந்தே மூடி வைக்கிறா. எங்க ஊருல பகல் எப்பவும் 13 மணி நேரத்தைத் தாண்டறதில்ல. என் அரைக்கீரையை அவசரமா பூக்க வச்ச அதே சின்னப் பகல் பாக் சாயைப் பூக்க விடாம பிடிச்சு வைக்குது. இந்த ஒரு விஷயத்தை நெனச்சு நெனச்சு நான் எத்தனை நாள் அடுப்படியில சும்மா நின்னிருக்கேன்னு தெரியல.

எல்லாம் சுகமா நடந்துச்சுன்னு இல்ல. நத்தை. இங்க ஈரத்துக்கு ஓடு இருக்கிற நத்தை, ஓடு இல்லாத நத்தை ரெண்டும் ராத்திரியில இறங்கி காலையில பாத்தா நடுக்குருத்தைத் தின்னுட்டுப் போயிருக்கும், டார்ச் அடிச்சு கையால பொறுக்கி உப்புத் தண்ணியில போட்டதுதான் ஒரே வழி. தை கடைசியில அசுவினிப் பூச்சி வந்துச்சு, வேப்பெண்ணெயில சோப்பு கலந்து தெளிச்சேன். அப்புறம் ஒரு ராத்திரி காட்டுமாடு எஸ்டேட்ல இருந்து வேலியைச் சாய்ச்சுட்டு வந்து தட்சோய் பாத்தியை முழுசா மேஞ்சுட்டுப் போச்சு. விடிஞ்சு பாத்தா கொளம்புத் தடம் மட்டும் இருக்கு, ஒவ்வொண்ணும் என் சாப்பாட்டுத் தட்டு அளவு. அழுகை வந்துச்சு. ஆனா அது இந்த மலையில எனக்கு முன்னாடியே இருக்குது, அதுகிட்ட என்னத்தைச் சொல்றது. கல்லு ஓரத்துக் கடுகை மட்டும் அது தொடல.

அம்மா ஏறி வந்தப்போ

அம்மாவுக்கு பஸ்ல மலை ஏறுனா தலை சுத்தும், எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டேதான் வருவாங்க. தை அமாவாசை கழிச்சு வந்தாங்க, பையில வழக்கம்போல ரெண்டு கட்டு அரைக்கீரை, ஈரத்துணி சுத்தி. "உனக்குத்தான் இங்க வராதே." நான் ஒண்ணும் சொல்லல. மத்தியானம் கடுகிலையும் பாக் சாயும் சேத்து, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகா போட்டு மண்சட்டியிலயே கடைஞ்சு வச்சேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுட்டு "என்ன கீரை"ன்னு கேட்டாங்க. கடுகிலைன்னேன். கை அப்படியே நின்னுச்சு. "கடுகு தாளிக்கிறதுக்குக் கண்ணு, அதைப் போயி யாராவது தின்னுவாங்களா, ஒடம்புக்கு சூடு." அப்புறம் சாப்பிட்டு முடிச்சாங்க, இன்னொரு கரண்டி கேட்கல, தட்டுல மிச்சமும் வைக்கல.

சாயங்காலம் பின்பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அதுக்குள்ள கடுகு மஞ்சளா பூத்து இடுப்புக்கு மேல நின்னுச்சு. நம்ம சமையல் கடுகு எண்ணெய்க்கும் மணிக்கும்னே வளத்த ஜாதி, 50 நாள் கிட்ட ஆனா பூக்க ஆரம்பிச்சுடும், அதுக்கு முன்னாடியே இலையைப் பறிச்சுக்கணும், இலைக்குன்னு இருக்கிற ஜாதி வேற, அது இன்னும் அகலமா வரும். இதையெல்லாம் நான் சொல்லிக்கிட்டே இருக்க, அம்மா காதுல வாங்குன மாதிரி தெரியல. ஒரு பூவைக் கிள்ளி மோந்து பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, அவங்க அம்மாயி கல்ராயன் மலை அடிவாரத்து ஆளு, சின்ன வயசுல அங்க போனப்போ கேப்பைக்காட்டு வரப்புல இது மாதிரி மஞ்சளா பூத்து நின்னது ஞாபகம் இருக்குன்னு, அதை அந்தக் கெழவி களியோட கடைஞ்சு போட்டுச்சோ என்னவோ, சரியா தெரியலன்னு. 70 வயசுக்கு மேல ஆகுது அம்மாவுக்கு. இதுவரைக்கும் ஒரு தடவை கூட அந்த அம்மாயியைப் பத்தி எங்ககிட்ட அவங்க பேசினதில்ல. நான் இன்னும் கேட்டிருக்கணும், ஆனா மூட்டம் இறங்கிருச்சு, அம்மாவுக்கு குளிர் ஒத்துக்காது, உள்ள கூட்டிட்டு வந்துட்டேன்.

பங்குனியில வெயில் ஏறுனதும் சாம்பலும் டோலமைட்டும் போட்ட அதே பாத்தியில அம்மா குடுத்த அரைக்கீரை விதையையே திரும்பத் தூவினேன். மூட்டம் இல்ல, பகலும் நீள ஆரம்பிச்சிருக்கு, இப்போ சித்திரையில ரெண்டாவது தடவை கிள்ளியாச்சு. சேலத்துக் கீரை மாதிரி இலை பெருசு இல்ல, 32 நாள் ஆச்சு முதல் கட்டுக்கு, ஆனாலும் கீரைதான், கடைஞ்சா அந்த வாசம் வருது. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு கீழ சொல்றது இங்க கீரைக்கு ஒத்து வராது, ஆடியில இங்க மழையும் காத்தும் அடிக்கும். இங்க அரைக்கீரைக்கு பங்குனி சித்திரை, கடுகு பாக் சாய் வகைக்கு கார்த்திகை மார்கழி, நடுவுல மழை மாசத்துல பாலக் கொஞ்சம் தாங்குது. பாலக் கீரை பீட்ரூட் இனம், குளிருக்கு அவ்வளவா அசராது. இது என் வீட்டுப் பின்பக்கத்துக் கணக்கு. வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை பக்கமெல்லாம் இன்னும் கொஞ்சம் மாறும், உங்க வீட்டுல எந்தப் பக்கம் வெயில் விழுதுன்னு பாத்துக்கங்க.

கல்லு ஓரத்துக் கடுகு காஞ்சு, காயெல்லாம் வெடிக்கிறதுக்கு முன்னாடி அறுத்து, முறத்துல போட்டு அடிச்சுப் புடைச்சேன். ஒண்ணேகால் ஆழாக்கு வந்துச்சு. அம்மாகிட்ட ஃபோன்ல சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "எண்ணெயில போட்டுப் பாரு, வெடிக்குதான்னு சொல்லு, வெடிக்கலைன்னா அது கடுகே இல்ல"ன்னாங்க. இன்னும் நல்லா காயல. மத்தியானம் வெயில் வர்றப்போ முறத்தை எடுத்து வெளிய வைக்கிறேன், மூட்டம் வந்தா உள்ள எடுத்து வைக்கிறேன்.